பணிப்பெண் ஹமீதா தரையில் உட்கார்ந்தது குறித்து

பெயர்: புஷ்பவள்ளி. கணவர் பெயர்: ராமதாஸ். வயது: 46. விலாசம்: ஜாலான் டத்தோ கெராமாட், ஜார்ஜ்டவுன், பினாங்கு. தொழில்: பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசர். வாக்குமூலம் பெறப்பட்ட இடம்: விமான நிலையப் போலீஸ் நிலையம், பாயான் லெப்பாஸ். காலம்: 1984 அக்டோபர். நான் தமிழில் சொல்ல, கார்ப்பரல் திருநாவுக்கரசு தமிழில் எழுதுகிறார். மலாய் மொழிபெயர்ப்பு தனியாக இணைக்கப்படும் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

என் மேல் குற்றச்சாட்டு எதுவும் இதுவரை இல்லை என்றும், நான் சாட்சியாக மட்டுமே அழைக்கப்பட்டிருக்கிறேன் என்றும் கார்ப்பரல் விளக்கினார். நேற்று மதராஸிலிருந்து பினாங்கு வந்த விமானத்தில், பணிப்பெண் ஹமீதா என்பவர் தன் இருக்கையை ஒரு சிலைக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், விமானம் இறங்கும்போது அதனால் காயமடைந்தார், அந்தச் சிலைக்காரர்கள் சாமி குற்றம் வரும் என்று அவரை மிரட்டினார்கள் என்று ஒரு பயணி ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார். அது விஷயமாக எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். நான் சத்தம் போட்டதாகவும் அந்த ரிப்போர்ட்டில் இருக்கிறதாம். போட்டேன். அறுபது பெண்களை மெஷின் சத்தத்துக்கு மேல் கூப்பிட்டு வேலை வாங்குகிறவள் நான். என் சாதாரணக் குரலே அப்படித்தான்.

நான் பிறந்தது சுங்கை பாக்காப் பக்கத்தில் ஒரு எஸ்டேட். அங்கே உள்ள மாரியம்மன் கோயிலுக்கு என் அண்ணன் ராமசாமி தலைவர். கோயிலுக்குப் புதிதாக ஓர் உற்சவ அம்மன் செய்வதென்று கமிட்டியில் முடிவாகி, கும்பகோணத்துப் பக்கம் ஒரு ஸ்தபதியிடம் ஐம்பொன்னில் செய்யச் சொல்லியிருந்தார்கள். கோயிலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அம்மனுக்குக் கண் திறப்பது வழக்கம். என் அண்ணன், ஸ்தபதிக்கு மலேசியாவுக்கு விசா கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, அங்கேயே கண்ணைத் திறந்து அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டுவிட்டார். அதுதான் எல்லாக் கூத்துக்கும் ஆரம்பம். கண் திறக்காதவரை அது சிலை, பெட்டியில் போட்டுச் சாமானோடு சாமானாக அனுப்பலாம். கண் திறந்த பிறகு அது சாமி. சாமியைத் தரையில் வைக்க முடியாது, செருப்புப் பைகளோடு விமானத்தின் அடியில் தள்ள முடியாது, காலடியில் போட முடியாது. இதெல்லாம் தேவையா என்று கார்ப்பரல் கேட்டார். தேவை, எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

அதன் பிறகு கமிட்டியே கூடி, அம்மனுக்குத் தனியாக ஒரு சீட் வாங்குவது என்றும், நானும் என் கணவரும் போய் அழைத்து வருவது என்றும் முடிவு செய்தார்கள். டிக்கெட் ஏஜெண்டிடம் அண்ணன்தான் போனார். பயணி பெயர் என்ன என்று ஏஜெண்டு கேட்க, இவர் மாரியம்மன் என்று சொல்ல, அவன் ‘மிஸ் எம். அம்மன்’ என்று எழுதிவிட்டான். வயது கேட்டதற்கு, “பதினாறுன்னு போட்டுக்கலாம் தம்பி” என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். மதராஸ் விமான நிலையத்தில், மிஸ் அம்மன் எங்கே, உடனே வரவும் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட ஆரம்பித்தார்கள். பட்டுப்புடவை சுற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் என் கணவரும் ஓடினோம். ஒரு பெரிய அதிகாரி வந்து பார்த்து, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பெட்டியின் மேல் பெல்ட் போட்டுக் கட்டினால் சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விமானத்தில் எங்களுக்கு நான்காம் வரிசை. ஜன்னல் ஓரம் அம்மன், நடுவில் நான், நடைபாதை ஓரம் என் கணவர். பெட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டிக் கொடுத்தது ஹமீதாதான். பினாங்குப் பெண், தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. “அக்கா, இவங்களுக்குச் சாப்பாடு உண்டா?” என்று சிரிக்காமல் கேட்டார். எங்கள் எஸ்டேட் அம்மனுக்குக் கோழி ஒன்றும் புதிதில்லை, ஆனாலும் பிளேனில் வேண்டாம் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

விமானம் பொங்கி வழிந்தது. தீபாவளிக்கு முந்திய வாரம். ஒரு சீட் காலியில்லை, பிள்ளைகளை மடியில் வைத்திருந்தவர்கள் வேறு. விமானம் கிளம்பி மேலே போய்ச் சமநிலைக்கு வந்ததும், பின்னாலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பேனா, கண்ணாடி. பெயர் தியாகராஜா என்று பிறகு தெரிந்தது. அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், யாழ்ப்பாணத் தமிழர். அவர் என்னைப் பார்க்காமல், ஹமீதாவைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். உயிரில்லாத ஒரு பெட்டிக்கு இருக்கை கொடுத்துவிட்டு, பணம் கட்டிய தன் மனைவியைக் கடைசி வரிசையில், சாயாத நாற்காலியில் உட்கார வைத்திருப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர், அதனால் அந்த நாற்காலிகள் சாய்வதில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. உயிரில்லாத பெட்டி என்று சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. “யாரைப் பாத்து உயிரில்லைங்கிறீங்க? கண் தொறந்து உக்காந்திருக்கா ஆத்தா! டிக்கெட்டும் வாங்கியிருக்கா, பெல்ட்டும் போட்டிருக்கா, உங்கள மாதிரி எந்திரிச்சு வந்து சண்டையும் போடல!” என்று கேட்டேன். சுற்றிலும் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. அவர் மறுபடி இங்கிலீஷில் சட்டம் பேச, நான் தமிழில் வாய்க்கு வந்தபடி பேச, என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தபடியே இருந்தார். சாமி குற்றம் என்ற சொல்லை நான் சொன்னேனா என்று கார்ப்பரல் கேட்கிறார். சொன்னேன். அந்தப் பெரியவரிடம் சொன்னேன். ஹமீதாவிடம் சொல்லவில்லை.

ஹமீதா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, அவரை மெதுவாகப் பின்னால் அழைத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் தனியாகத் திரும்பி வந்து, என் பக்கத்தில் குனிந்து, “அக்கா, அந்த ஐயாவோட சம்சாரத்துக்கு வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு. கர்ப்பப்பை எடுத்திருக்காங்க. நிமிந்து உக்கார முடியல. ஐயா வெட்கப்பட்டுகிட்டு யார்கிட்டயும் சொல்லல. நான் அந்த அம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன்” என்றார்.

ஒரு வார்த்தை, பெண்டாட்டிக்கு முடியவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை அந்த மனிதர் தமிழில் சொல்லியிருந்தால் நானே எழுந்து போயிருப்பேன். பெண்கள் சமாச்சாரத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று சட்டத்தைப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நான் உடனே எழுந்து, அந்த அம்மாவை என் சீட்டுக்கு அழைத்து வரச் சொன்னேன். ஹமீதா பின்னால் போனார். அதற்குள் அங்கே ஐயோ என்று சத்தம் கேட்டது.

அந்த அம்மாள் பெயர் வள்ளிநாயகி. எழுந்து நின்றதும் மயங்கி விழுந்துவிட்டார். உள்ளே தையல் பிரிந்து புடவையெல்லாம் ரத்தம். ஹமீதாவும் தலைமைப் பணிப்பெண் காமாரியாவும் அவரைத் தூக்கி வந்தார்கள். டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று மைக்கில் கேட்டார்கள், ஒருவரும் இல்லை. அவரைப் படுக்க வைக்க வேண்டும், கால் உயரமாக இருக்க வேண்டும் என்று ஹமீதா சொன்னார். படுக்க வைக்க மூன்று சீட் ஒரே வரிசையில் வேண்டும். பிள்ளைகுட்டிகள் இல்லாத, எங்களைத் தவிர வேறு யாரும் எழுந்துகொள்ள வேண்டாத வரிசை எங்களுடையதுதான். நாங்கள் எழுந்தோம். பெட்டியின் பெல்ட்டை அவிழ்த்தது நான்தான். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. அம்மனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன்.

ஜன்னல் ஓரம் தியாகராஜா உட்கார, அவர் மடியில் அந்த அம்மாளின் தலையை வைத்து, மற்ற இரண்டு சீட்டிலும் உடம்பைக் கிடத்தி, காலுக்கு அடியில் கம்பளிகளை அடுக்கினார்கள். கடைசி வரிசையில் அவர்கள் விட்டுவந்த இரண்டு இடம் காலி. நாங்கள் இரண்டு பேர், அம்மன் ஒன்று. நான் ஹமீதாவிடம், “தங்கச்சி, நாங்க ரெண்டு பேரும் பின்னால போயிடறோம். ஆத்தாவ என் காலடியில வச்சுக்கறேன்” என்று சொன்னேன். கண் திறந்த சாமியைக் காலடியில் வைப்பதென்றால் எங்கள் ஆட்களுக்கு என்னவென்று கார்ப்பரலுக்குத் தெரியும், அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். என் கணவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் சொன்னேன். அம்மனும் ஒரு தாய், இன்னொரு பெண்ணின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு தனக்கு ஆசனம் கேட்கமாட்டாள் என்று தைரியம்.

வேண்டாம் என்றது ஹமீதாதான். இதை அப்படியே எழுத வேண்டும். “இல்லக்கா, கீழ வைக்கக் கூடாது. இத்தன கனம் தரையில சும்மா இருந்தா, பிளேன் எறங்குறப்ப குண்டு மாதிரிப் பறந்து வரும். யார் தலையிலயாச்சும் பட்டா செத்துருவாங்க. பெல்ட் போட்டுத்தான் ஆகணும்” என்றார். மேலே சாமான் வைக்கும் இடம் இத்தனை கனம் தாங்காது. சமையல் அலமாரிகளில் தள்ளுவண்டிகள் நிறைந்திருந்தன. முன் வரிசையில் இருந்த ஒருவர், கக்கூஸில் வைத்துப் பூட்டுங்கள் என்று சொன்னார். விமானத்தில் இருந்த பாதிப் பேர் சீ என்றார்கள். ஹமீதா அவர் பக்கம் திரும்பி, “சார், அது அவங்க சாமி. அப்படிப் பேசாதீங்க” என்று மட்டும் சொன்னார். ரிப்போர்ட் கொடுத்தவர் அவர்தான் என்று இப்போது கேள்விப்படுகிறேன்.

ஆகவே அம்மனுக்கு ஒரு இருக்கை கிடைத்தது நான் கேட்டு இல்லை, மிரட்டி இல்லை. பாதுகாப்புக்காக. கடைசி வரிசையில் என் கணவருக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து ஹமீதாவே பெல்ட் போட்டார். மிஞ்சியது நான். முன் கதவுக்குப் பக்கத்தில், பயணிகளைப் பார்த்த மாதிரி மடக்கு சீட் இரண்டு இருக்கும். ஒன்று காமாரியாவுடையது, ஒன்று ஹமீதாவுடையது. ஹமீதா தன்னுடையதில் என்னை உட்கார வைத்து, தோளுக்கு மேல் பட்டை போட்டு மாட்டினார். ரிப்போர்ட்டில் சொன்னபடி அவர் இருக்கையில் சிலை உட்காரவில்லை. நான்தான் உட்கார்ந்தேன்.

நீ எங்கே உட்காருவாய் என்று கேட்டேன். வள்ளிநாயகி அம்மாளுக்குப் பெல்ட் போட முடியாது, போட்டால் வயிற்றுக் காயத்தில் அழுத்தும், யாராவது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். “நான் பிடிக்கிறேன், நீ உன் எடத்துல உக்காரு” என்று நான் பட்டையை அவிழ்க்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். “நீங்க பாசஞ்சர் அக்கா. உங்களுக்கு அடிபட்டா நான் என்ன பதில் சொல்றது? பேசாம உக்காருங்க!” என்று அதட்டினார். என்னை அப்படி யாரும் அதட்டி வருஷக் கணக்காகிறது. அடங்கி உட்கார்ந்தேன்.

பினாங்கில் அப்போது நல்ல மழை. விமானம் இறங்க வந்து, இறங்காமல் மேலே ஏறி, மறுபடி சுற்றி வந்தது. ஹமீதா நான்காம் வரிசைக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, இடது கையை அந்த அம்மாளின் தோளுக்கு மேலும் வலது கையை முழங்காலுக்கு மேலும் போட்டு, சீட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தார். காமாரியா என் பக்கத்திலிருந்து, “ஹமீதா, டூடோக்!” என்று, உட்காரச் சொல்லி மலாயில் இரண்டு முறை கத்தினார். தன் இருக்கையைத்தான் எனக்குக் கொடுத்துவிட்டாரே, எங்கே உட்காருவார்? ஹமீதா திரும்பியும் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் காதில், “கண்ணைத் தொறந்து என்னையே பாருங்க, என்னையே பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தியாகராஜா தன் மனைவியின் முகத்தில் கை வைத்துக்கொண்டு, “வள்ளி, நான் இஞ்சதான் இருக்கிறன், பயப்பிடாதையும்” என்று அழுதார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் அதுதான்.

அந்த மடக்கு சீட்டில் இருந்ததால், அங்கே நடந்ததை முகத்துக்கு நேராகப் பார்த்தவர்கள் நானும் காமாரியாவும் மட்டும்தான். விமானம் தரையைத் தொட்டபோது பலமாக ஒரு குதி குதித்தது. எல்லாருடைய தலையும் முன்னால் போனது. ஹமீதா கையை எடுத்து எதையாவது பிடித்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர் எடுக்கவில்லை. உடம்பு முன்னால் சரிந்து, வலது கை சீட்டின் இரும்புக் காலில் மாட்டி முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் இடது கையை அவர் எடுக்கவில்லை. வள்ளிநாயகி அம்மாள் சீட்டிலிருந்து ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. விமானம் நின்று, ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்து அந்த அம்மாளைத் தூக்கிய பிறகுதான் ஹமீதா தன் கையைப் பார்த்தார். பார்த்ததும் அல்லா என்றார், அப்படியே சாய்ந்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் அம்மனை, விமான நிலையத்துக்கு வந்திருந்த அண்ணனிடம் கொடுத்து, கடலுக்கு அக்கரையில் இருக்கும் எஸ்டேட்டுக்கு ஃபெரியில் அனுப்பிவிட்டு, நேராக ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வள்ளிநாயகி அம்மாளுக்கு மறுபடி தையல் போட்டு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். பிழைத்துக்கொண்டார், அந்தக் குதியில் கீழே விழுந்திருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். தியாகராஜா வராந்தாவில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “தங்கச்சி, நான் வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்” என்றார். “நானும் வாய மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம் ஐயா” என்று சொன்னேன். எங்களுக்குள் இனிப் புகார் எதுவும் இல்லை.

விமானக் கம்பெனி ஹமீதாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. விமானம் இறங்கும்போது பணிப்பெண் தன் இருக்கையில் இருக்க வேண்டும் என்பது விதியாம், பயணியை அதில் உட்கார வைத்ததும் குற்றமாம். பயணிகள் மிரட்டியதால் எழுந்தார் என்றால் அவர் மேல் தப்பில்லை, தானாக எழுந்தார் என்றால் வேலை போகலாம் என்று கம்பெனி ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனுக்கு ஒரு பொய் பெரிய விஷயமா? சாமி பேரைச் சொல்லி நான்தான் மிரட்டி எழுப்பினேன் என்று இங்கே எழுதிக் கொடுத்துவிடுவது, கேஸ் என் மேல் வந்தால் வரட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

இன்று காலையில் இங்கே வருவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் அதை ஹமீதாவிடம் சொன்னேன். வலது கை முழுக்க மாவுக்கட்டு. அவருடைய தகப்பனார் அப்துல் அஜீஸ் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் அவர் கரண்டியை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். அவருக்கு அது சம்மதம் என்று முகத்திலேயே தெரிந்தது. எந்தத் தகப்பனுக்குத்தான் சம்மதமாக இருக்காது?

ஹமீதா வேண்டாம் என்று தலையாட்டினார். “அக்கா, நீங்க அப்படிச் சொன்னா, நான் பயந்துகிட்டு அந்த அம்மாவப் புடிச்சேன்னு ஆயிடும்லா. நான் பயந்து புடிக்கல. நானாத்தான் புடிச்சேன். வேல போனா வேற வேல பாத்துக்குவேன், அத மட்டும் என்கிட்ட இருந்து எடுத்துடாதீங்க” என்றார்.

நேராக இங்கே வந்தேன். கம்பெனிக்காரர்கள் கேட்கும் கேள்விக்கு என் பதில்: ஆமாம், பணிப்பெண் ஹமீதா தன் சொந்த விருப்பத்தில்தான் எழுந்தார், யாரும் அவரை எழுப்பவில்லை, யாராலும் அவரை உட்கார வைக்கவும் முடியவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று கார்ப்பரலைக் கேட்டேன். எல்லாம் ஒரே அளவில்தான் எழுத வேண்டும் என்றார். சரி என்றேன்.

மேலே உள்ளதைக் கார்ப்பரல் எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. பொய் சொல்வதற்கென்றே வீட்டிலிருந்து கிளம்பினேன். இதில் ஒரு பொய்யும் இல்லை. அதற்கும் அந்தப் பெண்ணுக்குத்தான் நன்றி.

(கையொப்பம்)
ரா. புஷ்பவள்ளி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது:
கார்ப்பரல் திருநாவுக்கரசு